ஐந்தாவது சுற்று

நீங்கள் விசிலடிப்பது எனக்குப் பிடிக்கும். பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். நேற்று நீங்கள் பியானோ மேல் கிடந்த என் பயிற்சிப் பாட்டைப் பார்த்து விசிலடித்தீர்கள். ஐந்தாவது சுற்று முடிந்ததும் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தீர்கள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்குத்தான் இந்தப் பதில்.

அது நானே எழுதிய பயிற்சி. சுரத்திலிருந்து சுரத்துக்கு நான்கே தாவல், ஆரம்பித்த சுரத்துக்கே திரும்ப வேண்டும். பியானோவில் வாசித்தால் திரும்பும். அதில்தான் ஒவ்வொரு சுர இடைவெளியையும் துளித்துளி கூட்டிக் குறைத்து வைக்கிறீர்களே. பியானோ துணையில்லாமல், ஒவ்வொரு தாவலையும் சுத்தமாகப் பாடினால் ஒரு நூலிழை கீழே வந்து நிற்கும். ஐந்து சுற்றில் ஏறக்குறைய அரைச்சுரம் இறங்கிவிடும். மந்தமான காது பியானோவை நினைத்துக்கொண்டே பாடித் தப்பித்துவிடும். என் தங்கையின் காது அப்படிப்பட்டதல்ல.

வெளிநாட்டுப் பாடகர் குழு ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. பெட்டிகூட வாங்கிவிட்டாள். போகும்வரை தினமும் இதைப் பாடு என்றேன். அவள் ஐந்து சுற்றும் பாடி முடித்ததும் பியானோவில் முதல் சுரத்தைத் தட்டுவேன். அவள் குரல் அதற்குக் கீழே நிற்கும்.

"அக்கா, பியானோவ யாராச்சும் தொட்டாங்களா?"

"போன வாரம்தான்டி சுருதி சேர்த்துட்டுப் போனாரு. வேணா உன் காதக் காட்டிட்டு வரலாமா?"

"விளையாடாதக்கா. நான் சரியாத்தான் பாடினேன்."

சரியாகத்தான் பாடினாள். அதனால்தான் இறங்கினாள்.

அவள் காதில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். என்னிடம் தனியாகச் சொன்னதால், அவளிடம் வேறு மாதிரிச் சொல்ல வசதியாக இருந்தது. வரமுடியாதென்று குழுவுக்கு அவளே எழுதிப் போட்டாள். அந்தப் பெட்டியில் இப்போது போர்வைகள் இருக்கின்றன. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பின்னறையிலேயே இருக்கிறாள். போன் எடுப்பதில்லை. வண்டிச் சத்தத்தை நம்பி ரோட்டைத் தாண்டுவதில்லை. சின்ன வயதில் போல என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி கிளம்பிவிட்டால் நான் யாருக்குச் சமைப்பது?

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், பின்னறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. பஞ்சை எடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னது தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று என்னிடம் வந்து கேட்பாள்.