சத்தம் வராத பெட்டி

— இப்பல்லாம் கடைக்காரங்க போக்கே சரியில்லம்மா. ஒரு சாமான் கேட்டு வந்தா, எடுத்துக் குடுக்கிறத விட்டுட்டு எதிர்க்கேள்வி கேக்குறீங்க. நான் என்ன வேலைக்கு மனு போட்டா வந்திருக்கேன்?

— கோவிச்சுக்காதீங்க ஐயா. கேட்டாத்தானே சரியானதைத் தர முடியும்? சிம்பிளா சொல்லுங்க, யாருக்கு வேணும்?

— என் மகளுக்கு. கம்ப்யூட்டர்லயே பாட்டுக் கட்டுறாங்களாமே, அதுக்கு என்னென்ன வேணுமோ அது.

— முன்னாடி ஏதாவது வாசிச்சிருக்காங்களா?

— டிரம்ஸ். மேடை மேடையாப் போய் அடிச்சவ. இப்ப விட்டுட்டா.

— ஏன் விட்டுட்டாங்க?

— பாத்தியா, திரும்பவும் கேள்வி! காய்ச்சல்ல விழுந்து எழுந்தா, விட்டுட்டா. முந்தின கடையில முழுசாச் சொன்னேன். ‘அப்படின்னா இதெல்லாம் எதுக்கு, பெரிசு?’னு சிரிச்சான். இன்னொரு தடவை சொல்லிச் சிரிப்புக்கு ஆளாக மாட்டேன். நீ சாமானக் காட்டு.

— சரி, கேக்கல. வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா? இது மட்டும் கேட்டாகணும்.

— இருக்கு. அவளோடது. தூசி படிஞ்சு கிடக்கு.

— அப்பப் பாதி வேலை முடிஞ்சுது. சாஃப்ட்வேர் இலவசமாவே ஒண்ணு இருக்கு, எப்படி ஏத்துறதுன்னு சொல்லித் தர்றேன். பழக அது போதும்.

— சும்மாவா? சும்மா குடுக்கிறவனுக்கு அதுல என்ன லாபம்?

— பழகின பிறகு பெரிசை வாங்குவீங்கல்ல, அதான் லாபம்.

— அப்படிச் சொல்லு. இப்பத்தான் கொஞ்சம் நம்ப முடியுது.

— இதோ, திரையில பாருங்க. ஒவ்வொரு அடியும் ஒரு கட்டம். டிரம் சிவப்பு, தும் தும்னு அதிர்ற கீழ்ச்சத்தம் நீலம். கட்டத்தை நகர்த்தினா தாளம் மாறும்.

— அட, கண்ணுக்குத் தெரியுதே! பாட்டு முழுக்க இப்படித் தெரியுமா?

— தெரியும். ஆனா இதைப் பாத்துக்கிட்டே பாட்டுக் கட்டக் கூடாது. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு அது.

— அந்தத் தப்பை அவ பண்ணிட்டுப் போறா. அடுத்தது?

— இந்தப் பேட், விரலால தட்டுற பலகை. டிரம்ஸ் அடிச்ச கைக்கு இதுதான் வாகா இருக்கும். ரப்பர் கட்டையத் தட்டிப் பாருங்க.

— தட்டுறேன். விளக்கு எரியுது. சத்தத்தைக் காணோமே!

— இதுல சத்தம் வராது ஐயா.

— கதை விடாதம்மா. ஆயுசு பூரா லாரி எஞ்சினப் பிரிச்சு மாட்டினவன் நான். சத்தம் போடாத ஹார்னை விக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்.

— இது ஹார்ன் இல்ல, சுவிட்சு. சத்தம் கம்ப்யூட்டர்ல இருந்து வரும். சிம்பிளா சொல்லணும்னா, சுவத்துல இருக்கிற சுவிட்சா வெளிச்சம் குடுக்குது?

— சுவிட்சுன்னு முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? எடுத்து வை.

— ஐயா, அவங்களையே ஒரு நடை கூட்டிட்டு வந்தீங்கன்னா...

— வர மாட்டா. சுவத்தைப் பாத்துப் படுத்தவ படுத்தவதான். தட்டுல வச்ச சோறு வச்சபடி காயுது. மொட்டை மாடிக் கதவைப் பூட்டி, சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டு வந்திருக்கேன். கத்தி, கயிறு எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சாச்சு. பக்கத்து வீட்டம்மா காவலுக்கு உக்காந்திருக்கா. கூட்டிட்டு வரவா அவள?

— இல்ல ஐயா. தெரியாமக் கேட்டுட்டேன்.

— டாக்டர் கைய விரிச்சிட்டார். ஏறாத படி இல்ல, விழாத கால் இல்ல. இது ஒண்ணுதான் பாக்கி. இதையும் அவ திரும்பிப் பாக்கலேன்னா அப்புறம் எந்தக் கடைக்குப் போறதுன்னு எனக்குத் தெரியல.

— பாட்டுக் கட்டணும்னு அவங்களே சொன்னாங்களா?

— எங்க சொன்னா! வாசல்ல ஒரு லாரிய ஓடவிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். எழுந்து வந்தா. பானட்டு மேல உள்ளங்கைய வச்சா. இன்னொரு கை தன்னால தொடையில தாளம் போட்டுச்சு. அந்தக் காய்ச்சலுக்கப்புறம் அவ முகத்துல உசுரப் பாத்தது அன்னிக்குத்தான். கூறுகெட்டவன், நான் எஞ்சின நிறுத்திட்டேன். உள்ள போயிட்டா.

— சரி ஐயா, இந்தப் பேடைக் கட்டி வைக்கிறேன்.

— அது இருக்கட்டும்மா. அந்தக் கறுப்புப் பெட்டி எது, தரையில கிடக்கே?

— அது சப்வூஃபர். கீழ்ச்சத்தம் மட்டும் வரும். சின்ன அறைக்கு வேணாம் ஐயா, சுவரெல்லாம் அதிரும். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

— வரட்டும். சண்டைக்காவது ஆள் வரட்டும். போட்டுக் காட்டு.

— ஐயா, செருப்ப ஏன் கழட்டுறீங்க?

— நீ போடு. கூட்டு... இன்னும் கூட்டும்மா, என்ன பயம்? ம்... அதிர்வு முழங்கால் வரைக்கும் ஏறுது. இதைக் கட்டு.

— உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதை வாங்கி ஏமாந்துறாதீங்க. இதுக்குப் பதிலா நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கலாம். ஊசி விழுந்தாக்கூடத் தெரியும்.

— வேணாம்.

— ஆரம்பிக்கிறவங்களுக்கு அதுதான் ஐயா முதல்ல...

— வேணாம்னா விடேன். பெட்டியையும் அந்தச் சுவிட்சையும் வண்டியில ஏத்தச் சொல்லு.

— ஏத்தியாச்சு. அவங்க எழுந்து உக்காந்துருவாங்க ஐயா, பாருங்க.

— இந்தத் தேறுதலெல்லாம் எனக்கு ஆகாது. மரப்பெட்டி எப்படிம்மா மனுஷிய எழுப்பும்? எனக்கு நம்பிக்கை இல்ல. போக்கிடம் இல்லாமத் தூக்கிட்டுப் போறேன். வர்றேன்.

— ஐயா! ஐயா, நில்லுங்க! இந்த ஹெட்போனுக்குக் காசு வேணாம். நான் தர்றேன், உங்க மகளுக்கு. எடுத்துட்டுப் போங்க.

— நல்ல பொண்ணும்மா நீ. உள்ள கொண்டுபோய் வையி. அந்தக் காய்ச்சல் அவளோட ரெண்டு காதையும் கொண்டுபோயிருச்சு.