மலைச்செடிக்கு ஒரு வீடு

“நம்ம பொண்ணக்கூட நீங்க இப்படி மடியில வச்சிருந்ததில்ல,” என்றாள் என் எதிரே இருந்த அம்மாள், பக்கத்திலிருந்த கணவரிடம். கடற்கரை ஊரான போர்ட் லூயியிலிருந்து ரயில் குளிர்ந்த கியூர்பிப் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கணவர் மடியில் ஒரு தொட்டி. கத்தாழைக்குச் சொந்தம்போல, முள்ளில்லாத சாம்பல் நிறச் செடி.

“கடலோர வெக்கையில பாதி வெந்துபோச்சு. குளிர்ல பொழச்சா செவப்பாப் பூக்கும்.”

“அதான் கியூர்பிப்புல என் தங்கச்சி வீட்டுல விடப் போறோமே. அவ பாத்துப்பா.”

“தண்ணி ஊத்தியே கொன்னுடுவா.”

“அப்ப நீங்களே பாத்துக்கங்க. கியூர்பிப்புல நமக்கு ஒரு வீடு பாக்கச் சொல்லிட்டேன்.”

அவர் திகைத்தார். “கடல விட்டு வரமாட்டேன்னு சண்டை போட்டியே?”

“போட்டேன். இத அங்க விட்டுட்டு வந்தா உங்களுக்குச் சோறு எறங்காது. அதப் பாத்துக்கிட்டு எனக்கு மட்டும் எறங்குமா?”