ரெண்டேமுக்கால் வட்டி

…பின்ன என்னம்மா, பத்து மணிக்கு ஷட்டர் தூக்கும்போதே வந்து உக்காந்தவ நான். மணி இப்ப பதினொண்ணே கால். அதுக்குள்ளயே வாசல் பூரா கூட்டம், என் டோக்கன் அம்பத்தெட்டு, போர்டுல நிக்கது முப்பத்தொண்ணு. அந்த முப்பத்தொண்ணு உள்ள போயி என்ன, குடும்பமா நடத்துதாரு? உனக்கு எத்தனை? அம்பத்தஞ்சா! கொடுத்து வச்சவ. புதுக் கணக்கா? எழுது, எழுது. எழுதிக்கிட்டே கேளு.

எனக்கு மூணு மணிக்குள்ள ரெண்டு லட்சம் வேணும் பிள்ள. தச்சநல்லூர்ல பதினேழு வருஷமா ஒரே வீட்டுல வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரரு வேதநாயகம் அண்ணாச்சி மவன்கூட போயிருதாராம், வீட்ட விக்காரு. "சாலோமி, மொத உரிமை உனக்குத்தான். செவ்வாக்கிழமை மூணு மணிக்குள்ள அட்வான்ஸ் ரெண்டு லட்சம் குடு, மிச்சத்துக்கு லோன் போட்டுக்க. தவறிச்சுன்னா காயல்பட்டினத்துக்காரரு ஒருத்தரு துட்டோட நிக்காரு"ன்னாரு. இன்னைக்கு என்ன கிழமை? ஆங்… அதேதான்.

துட்டு இல்லாமலா? இருக்கு பிள்ள! இந்தா, இந்தக் கண்ணாடிக்கு அங்கிட்டுதான் இருக்கு, மூணு லட்சம். அழகா, பத்திரமா, குளுகுளுன்னு ஏசியில இருக்கு. எடுக்கத்தான் முடியாது.

அதுக்கு முந்தி எங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லணும். ரிச்சர்டுன்னு பேரு. பேட்டையில லேத்துப் பட்டறையில வேலை. தங்கமான மனுஷன். யாரு என்ன கேட்டாலும் தலையாட்டுவாரு. அவுக சித்தப்பா மவன் லோடு ஆட்டோ வாங்க ஜாமீன் கையெழுத்து கேட்டான். எங்க வச்சுக் கேட்டான் தெரியுமா? கோயில் அசனப் பந்தியில வச்சு! பக்கத்து எலையில உக்காந்து, சாம்பார ஊத்திக்கிட்டே கேக்கான். இவுகளுக்கு எலையில சோத்த வச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்ல வாய் வரலியாம். போட்டாச்சு கையெழுத்து. ஆட்டோவும் போச்சு, அவனும் போயிட்டான், ஏழு வருஷம் நாங்க கட்டுனோம். என் சங்கிலி, வளையல், ஏழு கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி… எல்லாம் அந்த ஒரு கரண்டி சாம்பாருக்கு.

கட்டி முடிச்சி, பாக்கி இல்லன்னு பேங்க்ல ஒரு கடுதாசி தந்தான் பாத்துக்க, அத லேமினேஷன் பண்ணி காலண்டர் பக்கத்துல மாட்டிட்டேன். வார சொந்தக்காரன்லாம் படிக்கட்டும்னு. அன்னைக்கே சொல்லிட்டேன், "இனிமே இந்த வீட்டுல துட்டு விஷயம் பூரா நான்தான். நீங்க வாயே தொறக்கக் கூடாது." சரின்னுட்டாரு. அவுக எதுக்குத்தான் சரின்னு சொல்லல?

அப்புறம் நான் அலைஞ்சிருக்கேன் பாரு ஒரு அலைச்சல்! ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கு நான், ஒரு மணி பெல் அடிச்சா சோத்தத் தின்னுட்டு ஒரு பேங்க். ஜங்ஷன், டவுண், பாளையங்கோட்டை, ஒண்ணு விடல. பதினோரு பேங்க். ஒரு நோட்டுப் போட்டு வட்டி பூரா எழுதி வச்சேன். ஒருத்தன் மூணரைங்கான், பத்தாயிரம் கொறையாம கிடக்கணுமாம், கொறைஞ்சா அபராதம். ஒருத்தன் ஏழுங்கான், வாயெல்லாம் பல்லு. கீழ பொடி எழுத்துல பாத்தா, பத்து லட்சத்துக்கு மேல போடுதவனுக்குத்தான் ஏழாம், நம்மள மாதிரி ஆளுக்கு மூணாம். இன்னொருத்தன் கணக்குத் தொறக்கப் போனவகிட்ட இன்சூரன்ஸ் பாரத்த நீட்டுதான். காபி குடுத்தான். காபி நல்லாத்தான் இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரருக்கு இதே பேங்க்ல ஒரு பழைய சேவிங்ஸ் கணக்கு. வட்டி என்ன தெரியுமா? ரெண்டேமுக்கால்! வருஷம் பூரா போட்டு வச்சா என்ன கிடைக்கும், ரெண்டு முறுக்கு வாங்கலாம். "இத மூடித் தொலைங்க"ன்னேன். சரின்னாரு.

நான் என்ன செஞ்சேன்? இங்கன வந்தேன். டெபோரான்னு ஒரு சின்னப் பிள்ள இருந்துச்சு கவுண்டர்ல. "யாரு கேட்டாலும் எடுக்க முடியாதபடி ஒண்ணு வேணும். எங்க வீட்டுக்காரரு கேட்டாலும் சரி, நானே வந்து அழுதாலும் சரி"ன்னேன். வரி கழிக்க அஞ்சு வருஷ டெபாசிட் ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டு, அந்தப் பிள்ளையே பைய, தயங்கித் தயங்கிக் கேக்கு, "மேடம், வீட்டுக்குன்னு சேக்கீங்க, நடுவுல தேவைப்பட்டா?" அத உடைக்க முடியாது, அது மேல லோனும் தர மாட்டாங்க, பாதிய சாதாரணக் கணக்குல போடுங்கன்னு மூணு தரம் சொல்லிச்சு. மூணு தரம்! எனக்கு வந்துச்சே கோவம். என் துட்ட எங்க போடணும்னு நேத்துப் பொறந்தவ சொல்லுதாளான்னு மேனேஜர்கிட்ட எழுதியே குடுத்துட்டேன். பிழையில்லாம, தேதி போட்டு. போன மார்ச்சுல ஒண்ணரை லட்சம், இந்த மார்ச்சுல ஒண்ணரை. பூட்டியாச்சு.

நேத்து மேனேஜரப் பாத்தேன். புது ஆளு. ஃபைலத் தொறந்து நான் எழுதிக் குடுத்த அந்தப் புகாரையே என் முன்னால வைக்காரு. "உங்க கையெழுத்துதான மேடம்?" என் கையெழுத்துதான், முத்து முத்தா. வழியே இல்லியா சார்ன்னேன். "டெபாசிட் போட்டவங்க இறந்துட்டா நாமினிக்குக் குடுப்போம்"ங்காரு. நாமினி யாரு? எங்க வீட்டுக்காரரு. பக்கத்துலதான் நிக்காரு. என்னைய ஏற எறங்க ஒரு பார்வை பாத்தாரு. சிரிக்காதே பிள்ள, எனக்கு வயித்தெரிச்சல்.

இன்னைக்கும் அந்த மேனேஜர் கால்ல விழத்தான் வந்திருக்கேன். இன்னொரு வேலையும் இருக்கு. காலையில ஆதார் நகலத் தேடுனேன். எங்க வீட்டுக்காரரு கோயில் பாடகர் குழுவுல பாடுவாரு, அந்தப் பாட்டு நோட்டு அட்டைக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? இந்தா, இந்தப் பாஸ்புக்கு! மூடச் சொன்ன கணக்கு! எனக்கு எப்படி இருக்கும்? அண்ணாச்சி வாசல்ல நிக்காரு, அவரு முன்னாலயே, "திருட்டுத்தனம் வேற கத்துக்கிட்டீங்களா, இது எந்தச் சித்தப்பா மவனுக்கு"ன்னு பிடிச்சிட்டேன். "சாலோமி, ஒரு நிமிஷம் சொல்லுதத கேளு"ங்காரு. நான் விடுவேனா? "ஏழு வருஷம் கேட்டாச்சு"ன்னேன். மறுபடி வாயத் தொறந்தாரு. "பேசாதீங்க"ன்னேன். சட்டைய மாட்டிக்கிட்டு டிபன் பாக்ஸக்கூட எடுக்காம பேட்டைக்குப் போயிட்டாரு. இருக்கட்டும். இந்தக் கணக்க மூடிட்டுத்தான் எனக்கு மறுவேலை.

ஏ பிள்ள, ஒரு உபகாரம். மூக்குக் கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். அந்த மிஷின்ல இத வச்சு எண்ட்ரி போட்டுக் குடேன். கடைசி எண்ட்ரியே ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஆயிரத்துச் சொச்சம்தான் கிடந்துச்சு. இந்நேரம் முறுக்குக் காசு சேந்திருக்கும்.

என்ன, இன்னும் அடிக்கி? அடுத்த பக்கமா? பக்கத்த வேற திருப்பச் சொல்லுதே! மிஷின் கெட்டுப் போச்சா பிள்ள?

…கொண்டா. என்ன போட்டிருக்கு, வாசி. எட்டாயிரம். சரி. அடுத்த மாசம்? எட்டாயிரத்து ஐநூறு… ஒம்பதாயிரம்… எல்லாம் மாசம் பத்தாந்தேதியா? பத்தாந்தேதி பட்டறையில ஓவர்டைம் துட்டு குடுக்க நாளு. ஆனா ஓவர்டைம் துட்டு கிடையாது, டீ மட்டும்தான்னு சொன்னாரே… ரெண்டு வருஷமா நான் கிண்டல் பண்ணிக்கிட்டுல்லா இருந்தேன், தர்ம ஊழியம் செய்யுத மகராசன்னு…

எடுத்திருக்காரா? ஒரு ரூவாகூடவா எடுக்கல? கடைசியில என்ன நிக்கி? …மறுபடி வாசி. பைய வாசி.

ரெண்டு லட்சத்து எட்டாயிரம்.

சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்? இங்கன கொண்டாந்து அஞ்சு வருஷம் பூட்டியிருப்பேன். அது அவுகளுக்குத் தெரியும். காலையில அதத்தான் சொல்ல வந்திருக்காரு. அண்ணாச்சி முன்னாடி… திருடன்னுட்டேனே பிள்ள. சொல்ல விட்டேனா நான்?

கணக்கு அவுக பேருல. அவுக வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. மணி என்ன? பன்னெண்டா…

உன் நம்பர் வந்துட்டு, போ. இல்லம்மா, கண்ணுல ஒண்ணும் இல்ல, ஏசிக் காத்து. போ, போ.

…ஹலோ. ஏங்க, நாந்தான். வைக்காதீங்க. பேங்க்லதான் இருக்கேன். இல்ல, மூடல… மூடலங்க. பாஸ்புக்கு கையிலதான் இருக்கு. எண்ட்ரி போட்டுட்டேன்.

காலையில என்னமோ சொல்ல வந்தீங்கல்லா…

சொல்லுங்க. நான் பேசல.