காய்ந்த கயிறு

ஐயா, உங்கள் இடது கால் பூட்ஸ் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன். சரியாகக் கட்டாத கயிற்றைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன். நீங்கள் எழுதினால் உங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்வீர்கள். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருக்கும்.

என் பேர் எல்லப்பன். ஆரணி. கூத்துக்காரர்களுக்கு நாற்பத்திரண்டு வருஷமாக உடுப்பு தைத்து வேஷம் கட்டுகிறேன். பத்து வருஷமாக சினிமாவுக்கும். ராஜா வேஷம் என்றால் உள்ளே பட்டு, மேலே மரத்தில் செய்த மார்புப் பதக்கம், புஜக்கட்டை. எல்லாவற்றையும் முதுகுப் பக்கம் பருத்திக் கயிற்றால் இழுத்துக் கட்டணும். கயிற்றை முதலில் தண்ணியில் ஊறவைக்கணும். காய்ந்த கயிறு கட்டினால் வேர்வை பட்டுச் சுருங்கி ஆளை இறுக்கும். வேஷம் கட்டிவிடுகிற எவனுக்கும் இது தெரியும்.

நடிகன் இளவரசன் நம்ம ஊர்ப் பையன்தான். மரியாதையாகத்தான் பேசுவான். ஆனால் ஷாட் முடிந்ததும் யாரையாவது விட்டு முதுகு முடிச்சைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவான். கூடவே பட்டும் கிழியும்.

"நீ அவுக்கறதுக்குள்ள அரை மணி ஆவுது பெரியப்பா, பேஜார். வேற தச்சுக்கோ, கம்பெனி காசுதானே" என்பான்.

மூன்று உடுப்பு போச்சு. முடிச்சை அவிழ்க்கணும், வெட்டக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். சிரித்தான்.

அன்றைக்குப் படவேடு பக்கம் ஷூட்டிங். துரியோதனன் சாகிற காட்சி. சித்திரை வெயில். பக்கத்திலேயே பக்கெட்டில் தண்ணி இருந்தது. காய்ந்த கயிற்றால் கட்டினேன். கத்தரிக்கோல்களை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

மூன்றாவது டேக்கில் விழுந்து காலை உதைத்தான். நல்லா நடிக்கிறான் என்று எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்னிடம் வேலை பார்க்கிற பவித்ராதான் முதலில் ஓடிவந்தாள்.

"கத்தரி எங்க தாத்தா? ஜல்தியா குடுங்க. அவருக்கு மூச்சு வரல."

"இரும்மா, அவுத்துக்கினுதானே இருக்கேன்" என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

ஒன்பது முடிச்சு. நனைந்து இறுகின முடிச்சு லேசில் வராது. யாரோ பிளேடு தேடி ஓடினார்கள். மற்றவர்களை நான் தொடவிடவில்லை. கட்டினவன்தான் அவிழ்க்கணும், கூத்தில் அதுதான் வழக்கம். நாலாவது முடிச்சில் இளவரசன் கை என் வேட்டியை விட்டது. மிச்சம் ஐந்தையும் அவிழ்த்தேன்.

தெரிந்துதான் செய்தேன். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் உங்கள் ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். கோபக்காரனுக்கு அவ்வளவு பொறுமை வருமா? பட்டில் ஒரு இழை போகவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன், அடுத்த துரியோதனனுக்கு ஆகும்.