அட்டவணையில் அம்மா

மகள்: ...இவ்வளவு நேரம் மிஸ் என்னதான்ப்பா சொன்னாங்க?

அப்பா: ஒண்ணும் இல்ல. பையைக் குடு, நான் தூக்கறேன்.

மகள்: வெளியிலேர்ந்து கண்ணாடி வழியா பாத்துட்டேதான் இருந்தேன். நீங்க தலைய ஆட்டிக்கிட்டே இருந்தீங்க.

அப்பா: கூப்பிட்டு வச்சுப் பேசறப்ப ஆட்டாம என்ன பண்றது? பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கலாமா?

மகள்: நடக்கலாம். பேச்ச மாத்தாதீங்க.

அப்பா: உத்தரவு மேடம். கணக்கு கிளாஸ்ல ஏதோ கலாட்டாவாமே?

மகள்: கலாட்டா எல்லாம் இல்ல. நாலு பேர் சேர்ந்து டேப்லட்ல ஒரே அட்டவணைய நிரப்பணும். அவங்கவங்க வீட்டுல யாரு எத்தன மணி நேரம் இருக்காங்கன்னு போட்டு, அத வச்சு கிராஃப் வரையணும். என் கை பட்டு அழிஞ்சிடுச்சு.

அப்பா: கை பட்டு...

மகள்: ஆமா.

அப்பா: யாரு எத அழிச்சாங்கன்னு மிஸ்ஸோட கம்ப்யூட்டர்ல வரிசையா வந்துடுமாம். ஒவ்வொரு கட்டமா அழிச்சிருக்க. அந்த மூணு பேர் போட்டதையும் சேர்த்து.

மகள்: ...ரொம்பத் திட்டினாங்களா?

அப்பா: இல்ல. அழிஞ்சத எல்லாம் திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. யாருக்கு டேப்லட் மக்கர் பண்ணாலும் கிளாஸே உன்னத்தான் தேடுமாம். அப்படிப்பட்ட பொண்ணு இப்படிப் பண்ணிட்டாளேன்னு அவங்களுக்குப் பயம்.

மகள்: பயமா? கோவம் இல்லயா?

அப்பா: பயம்தான். கொஞ்ச நாளா கேள்விய முழுசா படிக்கறதுக்கு முன்னாடியே டேப்லட்ல 'புரிஞ்சுது' பட்டனத் தட்டிடறியாம்.

மகள்: 'புரியல'ன்னு தட்டினா பக்கத்துல வந்து உக்காந்துடுவாங்கப்பா. என்னம்மா ஆச்சு, ஏன் ஒரு மாதிரி இருக்கன்னு கேப்பாங்க.

அப்பா: கேட்டா சொல்ல வேண்டியதுதானே?

மகள்: என்னன்னு?

அப்பா: சரி சரி, சீக்கிரம் வா.

மகள்: மெதுவா நடங்கப்பா. எதுக்கு இந்த ஓட்டம்?

அப்பா: சரி, ஏன் அழிச்ச?

மகள்: எங்க அட்டவணைய மிஸ் பெரிய ஸ்க்ரீன்ல போட்டாங்க. நான் அம்மாவுக்குப் பதினாலு மணி நேரம்னு போட்டிருந்தேன். பின் பெஞ்சு வாயாடி எழுந்து, அது தப்புன்னுட்டா.

அப்பா: என்ன தப்பாம்?

மகள்: அம்மாதான் வெளியூருக்கு ட்ரெயினிங் போயிருக்காங்களே... ஊர்ல இல்லாதவங்கள எப்படி வீட்டுல இருக்கறதா போடலாம்னு கேட்டா.

அப்பா: அவ்வளவுதான் கேட்டாளா?

மகள்: அவ்வளவுதான். ஏன், மிஸ் வேற ஏதாவது...

அப்பா: சேச்சே, இல்ல. நாளைக்கு அந்த மூணு பேர்கிட்டயும் நீயே போய்ப் பேசிடு. அது மட்டும்தான் மிஸ் கேட்டது.

மகள்: பேசறேன்.

அப்பா: கொஞ்சம் இங்க உக்காரலாமா?

மகள்: பஸ் வந்துடும்ப்பா.

அப்பா: போனா போகட்டும். அடுத்ததுல போலாம். உக்காரு.

மகள்: என்னப்பா ஆச்சு? தண்ணி குடிக்கறீங்களா?

அப்பா: வேணாம். அந்தப் பொண்ணு நெஜமா என்ன சொன்னான்னு மிஸ் சொல்லிட்டாங்கம்மா. 'இவங்க அம்மா எங்க அபார்ட்மெண்ட்லதான் தனியா இருக்காங்க'ன்னு சொன்னாளாம். அவ சொன்னது பொய் இல்ல. அம்மா ட்ரெயினிங்குக்குப் போகல. எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல... அது சரியாயிடும், அதுக்கப்புறம் உன்கிட்ட சொல்லிக்கலாம்னு ரெண்டு பேருமா சேர்ந்துதான் அப்படிச் சொல்லி வச்சோம். அந்தப் பொண்ணு சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுதுன்னு நெனைக்கறப்போ...

மகள்: அவ சொல்லித் தெரியலப்பா. நம்ம பஸ் அந்த அபார்ட்மெண்ட் பக்கமாத்தான் போகும். பால்கனியில அம்மா துணி காயப்போடறத ஜன்னல்லேர்ந்து பாத்திருக்கேன். முதல்ல பாத்த அன்னிக்கு ராத்திரி அம்மா போன் பண்ணப்ப ட்ரெயினிங் எப்படிப் போகுதுன்னு கேட்டேன், நல்லா போகுதுன்னாங்க. உங்ககிட்ட கேட்டுடலாம்னுதான் வந்தேன்... ஆனா ட்ரெயினிங்னு நீங்க சொன்னத நான் நம்பற மாதிரி இருந்தாதான் நீங்க என்கூட உக்காந்து சாப்பிடறீங்க.