கமா அண்ணன் பாத்துப்பார்

மேடையில் வீற்றிருக்கும், கமா அண்ணனின் மனைவியான நம் அண்ணி அவர்களே, அண்ணியின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் கணக்கு டீச்சர் அவர்களே, பத்து ஆண்டுகளாக இணையத்தில் எழுதி எழுதியே அடித்துக்கொண்டு, பெரும்பாலும் இன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் மோட்டார் மன்றத்துச் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும், மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கும் இந்த மெக்கானிக்கின் வணக்கம்.

கமா அண்ணன் முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திய அச்சகத்தின் காகிதக் கிடங்கில் கூடியிருக்கிறோம். மறைந்த அவரைப் புகழ மட்டும் கூடவில்லை. இந்த மாதக் கடைசியோடு மன்றத்தை மூடிவிடலாம் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். அதற்கும் இன்று பதில் சொல்லியாக வேண்டும்.

கமா அண்ணனுக்கு மோட்டார் தெரியுமா? ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது! வீட்டு மோட்டார் நின்றுபோய், ஒரு சந்தேகம் கேட்க வந்தவர். சேர்வதற்கான படிவத்தில் ‘பெயர் தொழில்’ என்று இருந்தது. நடுவில் கமாவைக் காணோமே என்று, பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கமாவைப் போட்டு அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டர் அதையே பெயராக எடுத்துக்கொண்டது. திருத்த வந்த மனிதருக்குத் திருத்தமே பெயராகிவிட்டது. கடைசிவரை அவர் அதை மாற்றவும் இல்லை.

போகப்போக மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. ஆனாலும் சண்டைக்காரப் பதிவுகளை அவர் சட்டென்று நீக்கியதில்லை. எழுதியவருக்குப் போன் போடுவார். “அண்ணே, நீங்க எழுதினத வாசிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லுங்க” என்பார். பிறகு மெய்ப்பு வாசிக்கிற அதே குரலில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், “நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி” என்று வாசிப்பார். ஏல அறிவிப்பு வாசிக்கிற குரலில் நம் வீரத்தைக் கேட்டிருக்கிறீர்களா? புஸ்ஸென்று போய்விடும்! “ஐயோ, எடுத்துடுங்கண்ணே” என்று நாமே கெஞ்சுவோம். இங்கே சிரிப்பவர்கள் எல்லோரும் அந்தப் போனை வாங்கியவர்கள்தான். அதிகம் வாங்கியவன் நான்.

டீச்சர், நீங்கள் அனுமதி தந்ததால் இதைச் சொல்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன், கிணற்று மோட்டாரைப் போட்டால் பிரேக்கர் விழுகிறது, பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ‘முதலில் மெயினை அணையுங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் என்ன எழுதினேன்? ‘கணக்குப் போடறவங்களுக்கு கரண்ட் எதுக்கு? அடுப்படியப் பாருங்க!!!’ நீங்கள் மறுபடி கேட்கவில்லை. நீங்களே பெட்டியைத் திறந்தீர்கள். ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

மறுநாள் அண்ணன் போன் போட்டார். நான் எழுதியதை வாசித்தார். மூன்றாவது ஆச்சரியக்குறியில் அவர் குரல் உடைந்தது. “உங்கள மட்டும் சொல்லிக் குத்தமில்ல. இத இருநூத்திப் பதினாறு பேர் பாத்திருக்கோம். அதுல நானும் ஒருத்தன். நாளைக்கு பேசிக்கலாம்னு விட்டுட்டேன்” என்றார். அன்றே டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அது கெடக்கட்டும், மொதல்ல மோட்டாரப் பாருங்க” என்றார் டீச்சர். பார்த்தேன்.

அந்த வாரம்தான் அண்ணன் விதியைப் போட்டார்: தப்பான பதிவை முதலில் பார்த்தவர், எழுதினவருக்குப் போன் போடணும். நாமெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம். எத்தனை பேர் போன் போட்டோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், எத்தனை பேர்? கேட்டால், கமா அண்ணன் பாத்துப்பார்! ஆபாசமாக ஒருத்தன் எழுதினானா, கமா அண்ணன் பாத்துப்பார்! புதிதாக வந்த பெண்ணை நாலு பேர் விரட்டினார்களா, கமா அண்ணன் பாத்துப்பார்! அவரும் பார்த்தார், நெஞ்சுவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டே பார்த்தார். நேற்று அண்ணி சொன்னார்: “சோத்துல கைய வெச்சுக்கிட்டு உங்க சண்டையத்தான் வாசிச்சிட்டிருப்பார்.” எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் போன பிறகாவது திருந்தினோமா? இரங்கல் பதிவு போட்டவர் நம் வெல்டர் மாப்பிள்ளை. அண்ணனின் முகத்தை யாருமே பார்த்ததில்லை. அங்கே இங்கே தேடி, அண்ணன் என்று நினைத்து அவர் போட்டது என் படத்தை! என் மாமியார் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்தார். நானே எடுத்து “அத்தே” என்றேன். பதறிப்போய் வைத்துவிட்டார்.

சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய விஷயம். நான் கொதித்து எழுதினேன். அவர் பதிலுக்கு எழுதினார். இரங்கல் பதிவின் கீழேயே நூற்று எண்பது பின்னூட்டம்! எழுதி அனுப்பிவிட்டு, பழக்கதோஷத்தில், போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை. கமா அண்ணன் இறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்து அழுதேன்.

அண்ணி, மன்றத்தை மூடாதீர்கள். அவர் வேலையை ஒரே ஆளின் தலையில் மறுபடி கட்டமாட்டோம். ஒவ்வொரு நாளும் எங்களில் ஐந்து பேர் முறைவைத்துப் பார்ப்போம். முறை இல்லாத நாளிலும், முதலில் பார்த்தவர் போன் போடுவோம். வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள், போன தடவையும் கட்டைவிரலைக் காட்டியவர்கள்தானே நாங்கள்! அதனால் இப்போதே தொடங்குகிறேன். நான் வெல்டருக்கு எழுதியதை வாசிக்கிறேன்.

“பத்து வருஷம் பழகின ஆளோட முகம் தெரியல, கமா, வெல்டிங் கண்ணாடியக் கழட்டறதே இல்லையா, கேள்விக்குறி. நீ அவருக்காக அழுததெல்லாம் நடிப்பு, ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி.”

மாப்ளே, தப்பு இருக்கிறது. நீ அழுதது நடிப்பில்லை. எனக்குத் தெரியும், தெரிந்தேதான் எழுதினேன். அதை எடுத்துவிடுகிறேன், என்னை மன்னித்துவிடு.

என்ன, எழுந்துவிட்டாரா? என்ன சொல்கிறார்? “என்னோடதையும் வாசிக்கணும், மைக்கக் குடுங்க” என்கிறார். வழி விடுங்கள், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வா மாப்ளே, நிதானமாக வாசி, குறிகளை விட்டுவிடாதே. அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரியோர்களே, என் உரை இங்கே முடியவில்லை, கமா,