இடது பெட்டி

இருந்தவர்கள்

முத்து: முழுப் பெயர் மதலைமுத்து. ரேடியோ, மைக் செட் ரிப்பேர்காரன். சொந்தமாக ஆம்ப்ளிபயர் கட்டி, மாம்பலகையில் ஸ்பீக்கர் பெட்டி அடித்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்க ஊரில் நாலு பேர் கிளம்பினால் அவன் வீட்டுக்குத்தான் வருவார்கள். இந்த வருஷம் ஈஸ்டரை ஒட்டி மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. அந்த மூன்று வாரமும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சவரி: லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. ஒன்றாம் வகுப்பிலிருந்து முத்துவின் சிநேகிதன். அண்ணன் மரியசூசை இந்த ஈஸ்டருக்குக் குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஜப்பான் ஸ்டீரியோ செட்டுக்குச் சொந்தக்காரன்.

ராஜமேரி: சவரியின் மனைவி. சமையல்கட்டில் இருக்கிறாள். அங்கிருந்தே எல்லாம் கேட்கும்.

வர வேண்டியவர்: பெங்களூர் மெக்கானிக் ஒருவர், பதினொன்றரை பஸ்ஸில்.

இடம்: காரிமங்கலம், சவரி வீட்டு முன் அறை. 1986, ஆடி மாதத்து ஞாயிறு. பூசை முடிந்து அரை மணி நேரம் ஆகிறது. வீட்டில் கரண்ட் இல்லை.

*

முத்து: …என்னய ஒரு வார்த்த கேட்டியா நீ?

சவரி: கேட்டா என்ன சொல்லியிருப்ப?

முத்து: வேணாம்னு சொல்லியிருப்பேன்.

சவரி: அதான் கேக்கல.

முத்து: பெங்களூர்லேர்ந்து வந்து எதத் தொறக்கப் போறானாம்?

சவரி: எல்லாத்தயும். டெக்கு, ஆம்ப்ளிபயரு, ரெண்டு பெட்டி… மொதல்ல பின்னால ஒயரு பாப்பாராம்.

முத்து: ஒயரா?

சவரி: ஆமா. அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பேன்னாரு.

முத்து: வேர்க்குது. ஃபேனப் போடேன்.

சவரி: கரண்ட் எங்க இருக்குது? பூசைக்குக் கெளம்பறப்பவே போயிடுச்சு.

முத்து: எதுத்தாப்ல மாவு மில்லு ஓடுதே?

சவரி: அவன் டீசல் எஞ்சின் வெச்சிருக்கான்.

முத்து: எப்ப வாங்கினான்?

ராஜமேரி: அண்ணா, காப்பி வெக்கட்டுங்களா? மோரா?

முத்து: எதுவும் வேணாம் தங்கச்சி.

ராஜமேரி: ஒண்ணும் வேணாம்னா இது என்ன வூடா, ஆஸ்பத்திரியா? மோரு கொண்டாரேன்.

முத்து: சவரி, நான் சொல்றதக் கேளு. இது ரிப்பேர் இல்லடா. செட்டே அப்படித்தான். அழகுக்குப் பண்ணியிருக்கான். பச்ச லைட்டு ஏறி எறங்குது பாரு, அதுக்குத்தான் காசு. அடிச்சத்தம், அந்த டிரம்மு இடிக்கற சத்தம், வேணும்னா நல்ல கனமான மரம் வேணும்.

சவரி: மாமரம்.

முத்து: ஆமா, மாமரம். ஏன் இளிக்கற?

சவரி: இளிக்கல. ஊரே அதத்தான் சொல்லுது. பாக்கணும்னா சவரி வூடு, கேக்கணும்னா முத்து வூடு. மாதேஸ்வரன் டீக்கடையில வெச்சே சொல்றான்.

முத்து: அவன் கெடக்கறான்.

சவரி: போன ஞாயிறு உன் வூட்டுல எத்தன பேரு?

முத்து: நான் எதுக்கு எண்றேன்?

சவரி: பதினோரு பேரு. பாயி பத்தாம சாக்கு விரிச்சியாம். இங்க யாரு வந்தா தெரியுமா? பால்காரரு. அவரும் பால ஊத்திட்டு, ‘என்னங்க, ஜலதோஷம் புடிச்சாப்ல பாடுது’ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

முத்து: வெளியாளு எதுக்குடா? நானே இன்னொருவாட்டி பாக்கறேன்.

சவரி: மூணுவாட்டி பாத்துட்ட.

முத்து: சரியாப் பாக்கல.

சவரி: நீயா? சரியாப் பாக்காதவனா?

முத்து: ஏன், நான் மனுஷன் இல்லையா? ரெண்டே நிமிஷம். நீ அந்தப் பக்கம் போ, நான் பின்னால…

சவரி: தொடாத. அவரு வரட்டும். யாரும் கை வெக்காம இருக்கணும்னு சொல்லியிருக்காரு.

முத்து: யாரும்னா நானுமா?

சவரி: உன்னப் பத்தி அவருக்கு என்னடா தெரியும்? சரி, மணி பதினொண்ணே கால். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி அவரக் கூட்டிக்கிட்டு வரேன். நீ இரு.

முத்து: நானும் வரவா?

சவரி: வரியா?

முத்து: …இல்ல. போயிட்டு வா. வெயிலு.

ராஜமேரி: உக்காருங்கண்ணா. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?

முத்து: ஒண்ணுமில்ல தங்கச்சி. பெட்டிக்குப் பின்னால ஒட்டட தொங்குது.

ராஜமேரி: நேத்துதானே அடிச்சேன்.

முத்து: அடிச்சாலும் வருது.

ராஜமேரி: வலது பக்கமா, இடது பக்கமா?

முத்து: இ… இடது.

ராஜமேரி: அந்தச் சந்துல கையே போவாதுங்களே. செவுத்தோட ஒட்டி இருக்குது.

முத்து: போவுது… போவுது…

ராஜமேரி: இருட்டா இருக்குமே. டார்ச்சு கொண்டாரட்டுங்களா?

முத்து: வேணாம்! நீ வராத. அடுப்ப வுட்டுட்டு வராத.

ராஜமேரி: என்னங்கண்ணா, மூச்சு வாங்குது?

முத்து: தூசி.

ராஜமேரி: பாத்து. அந்தக் கிளிப்பு வெரலக் கடிச்சிடும்.

முத்து: எந்தக் கிளிப்பு?

ராஜமேரி: ஒயரு மாட்டற கிளிப்பு.

முத்து: அது உனக்கு எப்படித் தெரியும்?

ராஜமேரி: கூட்டறவளுக்குத் தெரியாம இந்த வூட்டுல என்ன இருக்குது? முடிஞ்சுதுங்களா?

முத்து: என்னது?

ராஜமேரி: ஒட்டட.

முத்து: ஆங்… முடிஞ்சுது. மோரு குடு தங்கச்சி. நெறைய உப்புப் போட்டு.

ராஜமேரி: இந்தாங்க. கை எல்லாம் கரி. தொடச்சுக்கோங்க. அட, ஃபேன் சுத்துது பாருங்க. இவரும் வந்துட்டாரு.

சவரி: கரண்ட் வந்துடுச்சா? நல்லதாப் போச்சு. அவரு எறங்கலடா. அடுத்த பஸ்ஸாட்டம் இருக்குது.

முத்து: வரட்டும் வரட்டும், மெதுவா வரட்டும். சவரி, ஒண்ணு சொல்றேன் கேளு. இப்ப ஒட்டட அடிச்சப்ப கை பட்டுச்சு. ஏதோ லூசா இருந்தாப்ல இருந்துச்சு. அழுத்தி வுட்டேன். சில சமயம் அவ்வளவுதான்டா கோளாறு. போட்டுப் பாரு.

சவரி: தொடாதன்னு சொன்னேனே.

முத்து: பட்டுச்சுடா. போடு. அந்தக் கேசட்டு போடு, சேலத்துல எல்.பி. ரெக்கார்டுலேர்ந்து ஏத்திக்கிட்டு வந்தமே, அது. மொதல்ல டிரம்மு வுழும் பாரு. வயித்துல வந்து இடிக்கணும்.

சவரி: ரொம்ப ஆசையா இருக்கற?

முத்து: போடுடா!

சவரி: ராஜமேரி, நீயும் வா. உக்காரு.

ராஜமேரி: நான் நிக்கறேன். போடுங்க.

முத்து: சத்தம் இன்னும் வெய்யி.

சவரி: வெச்சிருக்கேன்.

முத்து: இரு, இப்ப வுழும் பாரு… நிறுத்து. மொதல்லேர்ந்து போடு.

சவரி: ஏன்?

முத்து: போடுன்னா போடு.

சவரி: இந்தா. மொதல்லேர்ந்து.

முத்து: எங்க டிரம்மு? காணமே… பாடறவன் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல நிக்கணும்டா. ரெண்டு செவுத்துக்கும் பிச்சுக்கிட்டுக் கெடக்கறான்.

சவரி: எப்பவும் போலத்தான இருக்குது?

முத்து: இருக்கக் கூடாதே!

சவரி: சொல்லு முத்து. ஏன் இருக்கக் கூடாது?

முத்து: அழுத்தி வுட்டேனே… அதான்…

சவரி: பாட்ட நிறுத்திட்டேன். இப்ப சொல்லு.

முத்து: என்னத்தச் சொல்றது?

சவரி: ராஜமேரி, டார்ச்ச அடி. இடது பெட்டிக்குப் பின்னால. என்ன தெரியுது?

ராஜமேரி: செகப்பு ஒயரு கருப்புல இருக்குது. கருப்பு செகப்புல இருக்குது.

சவரி: வலது பெட்டி?

ராஜமேரி: செகப்புல செகப்பு. கருப்புல கருப்பு.

சவரி: வெள்ளிக்கிழம எப்படி இருந்துச்சு?

ராஜமேரி: வெள்ளிக்கிழம நான் டார்ச்சு புடிச்சேன், நீங்க செட்டோட வந்த புஸ்தகத்துப் படத்தப் பாத்து மாட்டினீங்க. ரெண்டு பக்கமும் செகப்புல செகப்புதான்.

முத்து: வெள்ளிக்கிழமயே…

சவரி: வெள்ளிக்கிழமயே சரி பண்ணிட்டேன்டா. நீதான் இப்பத் திருப்பிக் கெடுத்த. இருட்டுல, கண்ணால பாக்காம. ஒரு பெட்டிக்கு மட்டும் ஒயரு மாறினா டிரம்மு செத்துப் போவும்னு அந்தப் புஸ்தகத்துலயே போட்டிருக்குது.

முத்து: மெக்கானிக்கு…

சவரி: மெக்கானிக்கும் இல்ல, மண்ணும் இல்ல. மில்லுக்காரன் எஞ்சினும் வாங்கல. நீ போட்டுப் பாத்துடக் கூடாதுன்னு வாசல்ல பீஸ் கட்டய நான்தான் புடுங்கி வெச்சேன்.

முத்து: …நான் சரி பண்ணத்தான்டா கை வெச்சேன். சத்தியமா. ஆண்டவர் மேல ஆணையா சரி பண்ணத்தான்.

சவரி: தப்பா இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

ராஜமேரி: மோர முழுசாக் குடிங்கண்ணா.

சவரி: நீ சும்மா இரு. முத்து, இவதான் கூட்டறப்பப் பாத்தா. பாத்துட்டு, ‘முத்தண்ணன் வேணும்னே மாத்தி வெச்சிருக்காரு’ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘உன் நாக்கு அழுகிப் போவும்’னேன். மூணு நாளு இவகூடப் பேசல. செட்டப் பிரிச்சு நீ மாட்டிக் குடுத்த அன்னிக்கு அவசரத்துல மாறிப் போயிருக்கும்னு சொன்னேன். அப்படி மாறிப் போயிருந்தா இன்னிக்கு நீ பேசாம உக்காந்து மோரு குடிச்சிருப்ப.

முத்து: அவசரத்துல இல்ல.

சவரி: இப்பச் சொல்லு.

முத்து: சொல்றேன். எனக்கென்ன பயம்? பெட்டியப் பிரிச்ச அன்னிக்கு நீ என்ன சொன்ன? நெனப்பு இருக்கா?

சவரி: என்ன சொன்னேன்?

முத்து: ‘இனிமே முத்து வூட்டுப் பலகைய அடுப்புக்கு வெக்கலாம்’ன்ன. அத்தன பேரும் சிரிச்சாங்க. நஞ்சப்பன் தொடையத் தட்டிச் சிரிச்சான்.

சவரி: அது வெளையாட்டுக்குடா.

முத்து: ரெண்டு வருஷம்டா அது. சேலம் போயி, பெங்களூரு போயி, ஒவ்வொரு சாமானாப் பொறுக்கிக்கிட்டு வந்து கட்டினேன். ஈயம் வெச்சு சூடு பட்டு சூடு பட்டு இந்த வெரலுல ரேகையே இல்ல. உனக்கு உங்கண்ணன் அட்டப் பெட்டியில போட்டுக் குடுத்துட்டாரு. அந்த தெர்மாகோல எடுக்கறப்ப வந்துச்சே ஒரு வாசன… அப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒயரு என் கையிலதான் இருந்துச்சு. நீங்கல்லாம் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. மாத்தி மாட்ட அஞ்சு நொடிகூட ஆகல.

சவரி: அப்பறம் சரி பண்ணியிருக்கலாமில்ல?

முத்து: பண்ணியிருக்கலாம். மூணு வாரம் கழிச்சு மாதேஸ்வரன் என் வூட்டுக்கு வந்தான். ‘உன் செட்டு சத்தமே வேறடா’ன்னான். அப்பறம் மனசு வரல.

ராஜமேரி: உங்க பொண்ணுக்கு ஞானஸ்நானத்துல இவருதானுங்களே ஞானத்தகப்பன்.

முத்து: தெரியும் தங்கச்சி.

ராஜமேரி: தங்கச்சின்னு கூப்புடாதீங்க.

சவரி: எந்திரி.

முத்து: சவரி…

சவரி: எந்திரிடா. செருப்பு அந்தப் பக்கம் கெடக்குது.

முத்து: போறேன். ஊர்ல சொல்லுவியா?

சவரி: அது என் இஷ்டம்.

முத்து: சொல்லிக்கோ. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சரியா மாட்டி அந்தப் பாட்ட ஒருவாட்டி போடு. வாசல்லயே நின்னு கேட்டுட்டுப் போயிடறேன்.

சவரி: என்ன கேட்ட?

முத்து: பிரிச்ச அன்னிக்கே மாத்திட்டேனேடா, ஒருவாட்டிகூட அதச் சரியாக் கேட்டதில்ல. ஈஸ்டர்லேர்ந்து வாரா வாரம் வந்து உக்காந்து தகரச் சத்தத்தத்தான் கேட்டேன். வேற யாரு கேக்கலன்னாலும் நான் கேக்கணும்டா அத. ஒரு பாட்டு.

சவரி: வெளிய போ.

முத்து: டிரம்மு மட்டும். மொதல் ரெண்டு நிமிஷம்.

சவரி: போடா வெளிய! ராஜமேரி, கதவச் சாத்து. பூட்டு.

ராஜமேரி: சாத்திட்டேன். பூட்டியாச்சுங்க.

முத்து: சவரி… டே சவரி… தொறக்க வேணாம். அங்கேர்ந்தே சொல்லு. வெள்ளிக்கிழம சரியா மாட்டினியே, எப்படிடா இருந்துச்சு? அத மட்டும் சொல்லு, போயிடறேன்.

ராஜமேரி: சொல்லாதீங்க. அவரு போவட்டும்.

முத்து: சவரி, கதவுக்குப் பின்னாலதான் நிக்கற, தெரியுது. எப்படி இருந்துச்சு?

சவரி: தெரியலடா. வெள்ளிக்கிழம லீவு போட்டுட்டு மாத்தி மாத்தி மாட்டிப் பன்னெண்டு தடவ கேட்டேன். அடுப்படியிலேர்ந்தே இவளுக்கு வித்தியாசம் தெரிஞ்சுது. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. இப்பக்கூட நான் பாட்டக் கேக்கல, உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தம் நல்லால்லன்னு நீ சொன்னதத்தான் ஈஸ்டர்லேர்ந்து நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். போ… போயி உன் வூட்டுல கேளு, போ.